கட்டம் போட்ட காகிதம்

சென்ற கோடை விடுமுறைக்கு என் தங்கையின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வயது 13. அவளோடு ஒரு வழக்கும் கூடவே வந்தது. அவளைக் கொண்டுவந்து விட்ட அவள் அப்பா, காபி குடித்த கையோடு என்னைத் தனியாக வாசல் திண்ணைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"நீங்கள் சொன்னால் கேட்பாள். நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சின்னச் சின்னச் சதுரமாக நிரப்பிக்கொண்டிருக்கிறாள். கேட்டால் பயிற்சி என்கிறாள். இந்தக் காலத்தில் என்ன படம் வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் யந்திரமே போட்டுக் கொடுத்துவிடுகிறது. இவள் எதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?"

நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் தோன்றியது. "பார்க்கலாம் மாப்பிள்ளை" என்று சொல்லி அவரை ரயிலேற்றிவிட்டேன். கதை எழுதுகிறவனிடம் புத்திமதி சொல்லும் உத்தியோகத்தை ஒப்படைப்பதில் உள்ள ஆபத்து அவருக்குத் தெரியாது. புத்திமதி சொல்லப் போய் விஷயத்தை விசாரிக்க உட்கார்ந்துவிடுவது எங்கள் ஜாதிக்கே உள்ள பலவீனம்.

"என்னம்மா செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஆப்பிள் மாமா" என்றாள்.

திரையில் ஒரு கட்டம். குறுக்கே 16 சதுரம், நெடுக்கே 16 சதுரம். ஆக மொத்தம் 256. இந்த 256 சதுரங்களுக்குள் ஓர் ஆப்பிள் பழத்தை வரைய வேண்டும். பார்த்தவுடன் ஆப்பிள் என்று தெரிய வேண்டும். தக்காளி என்று தோன்றக் கூடாது. வர்ணம் நான்குக்கு மேல் கூடாது. பிக்சல் சித்திரம் பழகுகிறவர்களுக்கு இது ஆரம்பப் பாடமாம்.

"இது என்ன பிரமாதம்?" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் உடனே எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். அரை மணி நேரம் பிரயத்தனம் செய்தேன். வெளிவந்த பொருளை அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "செங்கல்லுக்கு இலை முளைத்த மாதிரி இருக்கிறது" என்றாள். உண்மையும் அதுதான்.

பிறகு அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். முதல் பாடம் கோடு. சதுரங்களால் சாய்கோடு போட்டால் அது படிக்கட்டாகத்தான் வரும். அந்தப் படிகள் ஒழுங்காக இருந்தால் கண் அதைக் கோடாக ஏற்றுக்கொள்ளும். மூன்று சதுரம், மறுபடி மூன்று, மறுபடி மூன்று என்று வைத்தால் நேர்கோடு. மூன்று, ஒன்று, நான்கு என்று வைத்தால் பல் போன சீப்பு. வளைவு வேண்டுமானால் ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். என் ஆப்பிள் செங்கல்லானது இந்தக் கணக்குத் தெரியாததால்தான்.

இரண்டாவது பாடம் வெளிச்சம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பக்கம் வெளிர் நிறம், எதிர்ப் பக்கம் இருண்ட நிறம், நடுவில் பழத்தின் சொந்த நிறம். மூன்றாவது பாடம் வர்ணச் சிக்கனம். கையிலுள்ள இரண்டு வர்ணங்களைச் சதுரங்கப் பலகை மாதிரி மாற்றி மாற்றி வைத்தால், தூரத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணில் மூன்றாவது வர்ணம் ஒன்று பிறக்கிறது. நான்காவது பாடம் குறைத்தல். ஒரே முகத்தை முதலில் 32 சதுர அகலத்தில் வரைய வேண்டும், அப்புறம் 16, அப்புறம் 8. கடைசியில் மிஞ்சுவது 64 சதுரங்கள். அதிலும் அது அதே ஆளாக இருக்க வேண்டும்.

இந்த நான்காவது பாடத்தைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பத்துப் பக்கத்தில் எழுதிய ஒரு பாத்திரத்தைப் பத்து வரியில் எழுதிப் பார் என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் முதல் இரண்டு நாவல்களும் ஒரு நாவலாகப் போயிருக்கும். வாசகர்களும் க்ஷேமமாக இருந்திருப்பார்கள்.

இந்தப் பாடங்களை யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடப் புறப்பட்டேன். நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காதவன். கணிதம் எனக்கும், நான் கணிதத்துக்கும் தூரம். ஆனால் இந்தச் சரித்திரம் கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கவில்லை. ஊசியில் ஆரம்பிக்கிறது.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1598ஆம் வருஷம் என்று தேதியிட்ட ஒரு துணி இருக்கிறது. ஜேன் பாஸ்டாக் என்ற பெண்மணி தைத்தது. வருஷம் குறித்த ஆங்கிலத் தையல் மாதிரித் துணிகளில் அதற்கு மூத்தது கிடையாது. லினன் துணியில் பட்டு நூலால் எழுத்துக்கள், நாய், சங்கிலி போட்ட கரடி, பலவகைக் கட்டச் சித்திரங்கள். 1596இல் ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த செய்தியையும் அதில் தைத்து வைத்திருக்கிறாள். அந்தத் துணியில் எனக்குப் பிடித்த இடம் வேறு. யானை முதுகில் கோட்டை வைத்த சித்திரம் ஒன்றைத் தைத்துவிட்டு, அப்புறம் நூலைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். நானூறு வருஷத்துக்கு மேலாகியும் ஊசி போட்ட ஓட்டைகள் அந்த யானையைக் காட்டிக் கொடுக்கின்றன.

ஆதியில் இத்தகைய மாதிரித் துணிகள் ஞாபகக் குறிப்புகளாக இருந்தன. அச்சிட்ட மாதிரிகள் அரிதாக இருந்த காலத்தில், கண்ணில் பட்ட நல்ல தையலை ஒரு துணியில் தைத்து வைத்துக்கொள்வார்கள். பின்னால் அதுவே சிறுமிகளின் பாடப் புத்தகமாயிற்று. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துச் சிறுமிகள் அகர வரிசையையும் எண்களையும் வீடு, மரம், பறவைகளையும் துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைத்துப் பழகினார்கள். அடியில் பெயரும் வயதும் இருக்கும். எட்டு வயது, பத்து வயது என்று படிக்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

காகிதத்திலும் கட்டங்கள் வந்தன. 1587இல் பெடரிகோ வின்சியோலோ என்ற வெனிஸ் நகரத்துக்காரர் பாரிஸில் ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிட்டார். கட்டம் போட்ட பக்கங்களில் சிங்கமும் மயிலும் தேவதைகளும் சதுரம் சதுரமாக நிரப்பப்பட்டிருக்கும். ஒரு சதுரம் என்றால் வலைத் துணியில் ஒரு கண். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பெர்லின் நகரத்து அச்சகங்கள் கட்டக் காகிதத்தில் கையால் வர்ணம் தீட்டிய மாதிரிகளை விற்றன. ஒரு வர்ணச் சதுரத்துக்கு ஒரு கம்பளித் தையல். இன்றைய பிக்சல் சித்திரம் ஒன்றையும் அந்தப் பெர்லின் காகிதம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எந்த நூற்றாண்டு என்று சொல்ல நாம் திணறிப் போவோம்.

பிரான்சில் ஜாக்கார் என்பவர் 1804இல் அட்டைகளில் ஓட்டை போட்டுத் தறியை ஓட்டினார். ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. சித்திரத்தை முதலில் கட்டக் காகிதத்தில் தீட்டி, பிறகு அட்டைக்கு மாற்றுவார்கள். 1839இல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தபோது சுமார் 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. உண்டு, இல்லை என்ற இரண்டே வார்த்தையில் ஒரு கிழவரின் முகச் சுருக்கத்தை எழுதிவிட்டார்கள்.

அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு தாண்டல்தான். 1957இல் அமெரிக்க அரசாங்கத்தின் தரநிர்ணய நிலையத்தில் ரஸல் கிர்ஷ் என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். கம்ப்யூட்டருக்குக் கண் கொடுத்தால் என்ன என்று அவருக்கு ஓர் ஆசை. தம்முடைய மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தை யந்திரத்துக்குக் காட்டினார். அது படத்தை 176க்கு 176 சதுரமாகத் துண்டு போட்டு வாங்கிக்கொண்டது. உலகத்தில் கம்ப்யூட்டருக்குள் புகுந்த முதல் புகைப்படம் பல் முளைக்காத ஒரு குழந்தையின் முகம் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. சதுரத்தைத் தேர்ந்தெடுத்தது சரிதானா என்று கிர்ஷ் வயோதிகத்தில் வருந்தினார். தமது 81ஆவது வயதில், 2010இல், வேறு வடிவத் துண்டுகளால் படத்தைச் செப்பமாக்கும் வழி ஒன்றையும் சொன்னார். ஆனால் உலகம் சதுரத்தை விடுவதாயில்லை. அந்தத் துண்டுக்குப் பிக்சல் என்ற பெயர் 1965இல் அச்சில் வந்தது.

சாய்கோட்டுப் பாடத்தின் மூலத்தையும் கண்டுபிடித்தேன். 1962இல் ஐ.பி.எம். கம்பெனியில் ஜாக் பிரெஸன்ஹாம் என்பவர், பேனாவை நகர்த்திக் காகிதத்தில் கோடு போடும் யந்திரம் ஒன்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். பேனாவால் சின்னச் சின்ன அடியாகத்தான் வைக்க முடியும். எந்த இடத்தில் படி ஏறினால் கோடு நேராகத் தோன்றும்? கூட்டலும் கழித்தலும் மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு அவர் விடை கண்டார். மூன்று, மூன்று, மூன்று என்று என் மருமகள் விரல் விட்டு எண்ணுவதும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான்.

அப்புறம் ஜப்பான். 1978இல் டோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டு யந்திரத்தை உண்டாக்கினார். வானத்திலிருந்து இறங்கும் எதிரிகளுக்கு ஆக்டோபஸ், நண்டு, கணவாய் ஆகியவற்றின் சாயலைக் கொடுத்தார். அவற்றில் சிறியது 8க்கு 8 சதுரம். அதாவது என் மருமகளின் நான்காவது பாடம். இன்றைக்கும் அந்த உருவத்தைச் சுவரில் பார்த்தால் குழந்தைகள் கண்டுகொள்கிறார்கள்.

1981இல் ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞர் 'டாங்கி காங்' என்ற விளையாட்டுக்காக ஒரு தச்சனை வரைந்தார். அவருக்குக் கிடைத்ததும் 16க்கு 16 சதுரம்தான்; என்னைச் செங்கல் அறுக்க வைத்த அதே 256. அதற்குள் வாய் வரைய இடமில்லை. ஆகவே மீசை வைத்தார். ஓடும்போது தலைமயிர் பறப்பதைக் காட்ட வழியில்லை. ஆகவே தொப்பி வைத்தார். கை வீசுவது உடம்போடு கலந்து மறைந்து போகாமல் இருக்க, தோள்பட்டையிட்ட கால்சட்டையை மாட்டினார். இப்படி ஒவ்வொரு இல்லாமைக்கும் ஒரு பொருளாகச் சேர்ந்து உருவான ஆள்தான் மாரியோ. அவனை அறியாத பட்டணம் உலகத்தில் குறைவு. 1985இல் வந்த அவனுடைய பெரிய விளையாட்டில் ஆகாயத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே சித்திரம். வர்ணம் மட்டும் வேறு. நினைவகத்தில் இடம் போதாததால் செய்த சிக்கனம் அது. பல வருஷம் விளையாடியவர்கள்கூட அதைக் கவனிக்கவில்லை.

இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்தவர் ஸூஸன் கேர் என்ற அமெரிக்கப் பெண்மணி. கலைத் துறையில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுச் சிற்ப வேலை செய்துகொண்டிருந்தவர். பள்ளிக்கூட நாளிலிருந்து அறிமுகமான நண்பர் ஆண்டி ஹெர்ட்ஸ்பெல்ட் ஆப்பிள் கம்பெனியில் புது மாதிரிக் கம்ப்யூட்டர் ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர் வேண்டாம், கட்டம் போட்ட காகிதம் வாங்கி, 32க்கு 32 சதுரத்துக்குள் சித்திரம் நிரப்பிப் பார்" என்பதுதான் அவர் சொன்ன யோசனையின் சாரம். அம்மையார் ஒரு கட்டக் காகித நோட்டு வாங்கிக்கொண்டு பென்சிலும் பேனாவுமாக உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் சித்திரம் வரைந்து அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் மொஸைக்கும் ஊசித் தையலும் தெரியும். அதுவே போதுமாயிருந்தது. 1984 ஜனவரியில் மாக்கின்டாஷ் வெளிவந்தபோது, சிரிக்கும் கம்ப்யூட்டர், குப்பைத் தொட்டி, திரி கொளுத்திய வெடிகுண்டு எல்லாம் அவர் கையால் வந்திருந்தன. கறுப்பு, வெள்ளை இரண்டே வர்ணம்; 1,024 சதுரம். அந்த நோட்டுப் பக்கங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பிற்பாடு கலைப்பொருளாகச் சேர்த்துக்கொண்டது. அதே அருங்காட்சியகம் 2016இல் வேறொன்றையும் சேர்த்தது. 1999இல் ஜப்பானின் ஷிகெடாகா குரிடா கைபேசிகளுக்காக வரைந்த 176 எமோஜிகள். ஒவ்வொன்றும் 12க்கு 12. காதல், கோபம், மழை, ரயில், எல்லாம் 144 சதுரத்துக்குள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோரோடு சேர்ந்து, 1974இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். வாசலில் புள்ளி வைத்துப் போடும் கோலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு, அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் விதிகளாக எழுதலாம் என்று காட்டிய கட்டுரை அது. கோலமும் பிக்சல் சித்திரமும் ஒன்றல்ல. கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு ஓடுகிறது, இங்கே சதுரத்தையே நிரப்புகிறோம். ஆனால் எண்ணிக்கை தவறினால் இரண்டிலும் பிழைப்பில்லை.

இதையெல்லாம் நான் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். ஊசித் தையல் என்ற இடம் வந்ததும் என் தாயார் மோர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, "அந்தக் கிளி எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளி பரண்மேல் இருந்தது. கலியாணத்துக்கு முன்னால் மேட்டித் துணியில் குறுக்குத் தையலாக அம்மா தைத்த ஜோடிக் கிளி. என் சின்ன வயதில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கூடத்துச் சுவரில் இருந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது நான்தான் அதை இறக்கினேன். எழுத்தாளனாகி நாலு பேர் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கியிருந்த சமயம் அது. அந்த இடத்தில் ஒரு நவீன ஓவியத்தின் நகலை மாட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷமாகச் சொல்லவில்லை.

மறுநாள் ஏணி போட்டு இறக்கினேன். கண்ணாடி ஒரு மூலையில் விரிந்திருந்தது; துணிக்குச் சேதமில்லை. மருமகள் அதைப் பார்த்ததும் கூச்சலே போட்டுவிட்டாள். "பாட்டி, இது பிக்சல்!"

அம்மா சட்டத்தைக் கழற்றச் சொன்னாள். துணியைக் கையில் வாங்கி உடனே மறுபக்கம் திருப்பினாள். "எங்கள் தையல் டீச்சர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். திருப்பித்தான் பார்ப்பாள். பின்னால் நூல் தாறுமாறாக ஓடியிருந்தால் முன்னால் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரி என்பாள். நான் இந்த இறக்கையை மூன்று தடவை பிரித்தேன்."

ஜேன் பாஸ்டாக்கின் யானை எனக்கு ஞாபகம் வந்தது.

மருமகள் இரண்டு நாள் உட்கார்ந்து தையல்களை எண்ணி எண்ணிக் கிளியைத் திரைக்கு மாற்றினாள். எண்ணும்போது தவறினால் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருத்துவாள். இடது பக்கத்துக் கிளியின் வாலில் ஒரு வரிசை மட்டும் வேறு பச்சையாக இருந்தது. "இதைச் சரிபண்ணிவிடட்டுமா பாட்டி?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நூல் தீர்ந்துபோய்விட்டது. அப்பாவிடம் இன்னொரு கண்டு வாங்கிக் கேட்கப் பயம். அதனால் இருந்ததை வைத்து முடித்தேன். அப்படியே இருக்கட்டும்."

இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் சதுரத்துக்கும் வர்ணத்துக்கும் பஞ்சமில்லை. லட்சக்கணக்கான வர்ணங்கள் உண்டு. ஒரு வரி சொன்னால் கிளி ஜோடியை யந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் வரைந்து தருகிறது. மாப்பிள்ளை சொன்னதில் பொய்யில்லை. ஆனால் பஞ்ச காலத்துச் சிக்கனத்தைப் பழகுகிறவர்கள் இன்றும் தாங்களாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்: 16 சதுரம், நான்கு வர்ணம், அதற்கு மேல் கிடையாது என்று. எந்தச் சதுரத்தை விடலாம், எதை விடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தீர்மானம்தான் பாடம். ஆப்பிள் ஒரு சாக்கு.

விடுமுறை முடிந்து மாப்பிள்ளை வந்தார். கூடத்துச் சுவரில் பழைய கிளி இருந்தது. புதுக் கண்ணாடி போட்டிருந்தோம். அவர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். மருமகள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொன்னீர்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை மாப்பிள்ளை" என்றேன். "எனக்கு இன்னும் ஆப்பிள் வரவில்லை."